நின்றாளா, நிறுத்தப்பட்டாளா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியர்களை விழாவுக்கு அழைத்தால் நீரிழிவு, குருதியமுக்கம், மூட்டுவலி இவற்றில் ஒன்றைப் பற்றிப் பேசுவார்கள் என்று சபை எதிர்பார்ப்பது வழக்கம். செயற்குழு எம்மிடம் கேட்டது வேறு. பிள்ளைகள் இடையில் படிப்பை விட்டு நிற்பதை எப்படித் தடுக்கலாம் என்று பேசச் சொன்னார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வியை வைத்தியசாலையில் கேட்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் படிப்பை விட்ட பிள்ளை அடுத்ததாக வந்து சேரும் அரச கட்டடம் பெரும்பாலும் வைத்தியசாலைதான். ஆகவே எங்கள் மேசைக்கு முன்னால் தெரிவதை மட்டும் சொல்கிறோம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் மணி அடிப்பதாகச் செயலாளர் அக்கா எச்சரித்திருக்கிறார். அவர் சிரேஷ்ட மாணவத் தலைவியாக இருந்த காலத்திலும் அப்படித்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இல் சீருடையும் இலவசமாயிற்று. 5 முதல் 14 வயது வரை பாடசாலைக்குச் செல்வது கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்ந்தது. 2021இல் ஒருவரை வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 14இலிருந்து 16 ஆனது. கிராம அலுவலர் பிரிவு தோறும் பாடசாலை வரவுக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பதும் விதி. எனவே தரம் 9இல் படிக்கும் பிள்ளை படிப்பை விட்டு நிற்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனாலும் நிற்கிறாள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் காலை பத்து மணிக்கு வருவார்கள். பாடசாலை நாளில், பாடசாலை நேரத்தில். தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுக்குத்து, நித்திரை இல்லை. சில வருடங்களாக நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வயதைக் கேட்டவுடன், எத்தனையாம் தரம், போன கிழமை எத்தனை நாள் பாடசாலைக்குப் போனீர்கள் என்றும் கேட்போம். பிள்ளை நிலத்தைப் பார்க்கும். பதில் தாயிடமிருந்து வரும். "இவள் இப்ப பள்ளிக்குப் போறல்ல டொக்டர், நிண்டுட்டாள்."

நின்றுவிட்டாள் என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை தானாக முடிவெடுத்தது போல அது ஒலிக்கிறது. இன்னும் நாலு கேள்வி கேட்டால் வேறு கதை வரும். தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று வீட்டில் மறித்திருப்பார்கள். பிந்தி வந்தாள் என்று வாசலில் நிறுத்தியிருப்பார்கள். கணித பாடம் விளங்காமல் மூன்று மாதம் பின்வாங்கில் இருந்திருப்பாள். "நீ படிச்சுக் கிழிச்சது காணும்" என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். நின்றவளை விட நிறுத்தப்பட்டவள்தான் எங்கள் மேசைக்கு அதிகம் வருகிறாள்.

இடைவிலகலை ஒரு நோயாக எடுத்துப் பேச அனுமதி தாருங்கள். எமக்குத் தெரிந்த மொழி அதுதான். திடீரென்று வரும் நோய்களும் உண்டு. மெல்ல மெல்ல வளரும் நோய்களும் உண்டு. இது இரண்டாவது வகை. கிழமையில் ஒரு நாள் வராமை, பிறகு இரண்டு நாள், பிறகு தவணைப் பரீட்சைக்கு வராமை, பிறகு புதிய ஆண்டில் பெயர் மட்டும் இடாப்பில். இதைக் கண்டுபிடிக்க ஸ்கான் இயந்திரம் தேவையில்லை. வரவு இடாப்பு போதும். ஒவ்வொரு வகுப்பிலும் அது இருக்கிறது, தினமும் நிரப்பப்படுகிறது. மாத முடிவில் வீதம் கணித்து மேலே அனுப்பவும் படுகிறது. அந்த வீதத்துக்குள் எந்தப் பிள்ளை தேய்ந்துகொண்டு போகிறாள் என்று யார் பார்க்கிறார்கள் என்பதுதான் எமது கேள்வி.

வராமைக்கான காரணங்களில் உடலைச் சார்ந்தவை, நாம் நினைப்பதை விட அதிகம். மாதவிடாயை எடுத்துக்கொள்வோம். இந்த மண்டபத்தில் அதைப் பேச வெட்கப்படத் தேவையில்லை, நாம் எல்லோரும் பெண்கள். (அதிபரின் சாரதி வெளியில்தான் நிற்கிறார், பார்த்துவிட்டோம்.) மாதத்தில் இரண்டு நாள் ஒரு பிள்ளை வீட்டில் நின்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது நாள். பாடசாலை நடப்பது கிட்டத்தட்ட இருநூறு நாள். பத்திலொரு பங்கு போய்விட்டது. ஏன் நிற்கிறாள்? வலி ஒன்று. அதற்கு மருந்து இருக்கிறது. வலி தொடங்கியவுடன் சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டிய மாத்திரையை, "பொம்பிளப் பிள்ளை வலியைத் தாங்கப் பழக வேணும்" என்று சொல்லிக் கொடுக்காமல் விடுகிறோம். அடுத்தது மலசலகூடம். கொண்டி இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், பாவித்த துவாயைப் போட ஒரு மூடியுள்ள வாளி இல்லை. 2024இல் வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க வவுச்சர் கொடுக்கும் திட்டம் தொடங்கியது நல்ல காரியம். துவாய் கிடைத்த பிள்ளைக்கு அதை மாற்ற ஓர் இடமும் வேண்டும்.

பிள்ளை பெரியவளானதும் வீட்டில் வைத்திருக்கும் நாட்களும் உண்டு. சடங்கைக் குறை சொல்ல வரவில்லை, எமக்கும் செய்தார்கள், நகையும் கிடைத்தது. ஆனால் இரண்டு, மூன்று கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு, அந்த நாட்களில் நடந்த அட்சரகணிதத்தை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? தவறிய பாடம் அடுத்த பாடத்தையும் இழுத்துக்கொண்டு போகும். தரம் 7இல் விழுந்த அந்த ஓட்டை தரம் 9இல்தான் பெரிதாய்த் தெரியும்.

குருதிச்சோகை இன்னொன்று. களைப்பு, மறதி, வகுப்பில் நித்திரை. பாடசாலையில் கிழமைக்கொரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பிள்ளைகள் அதை எறிந்துவிடுவதும் நடக்கிறது. கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், அதில் ஆபத்தில்லை. சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் பிரட்டல் குறையும். பிளேன்ரீயோடு விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும்.

பார்வைக் குறைபாட்டை விட்டுவிட முடியாது. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். ஆசிரியை அதைக் களவு என்பார், வீட்டில் அதை மொக்கு என்பார்கள். கண்ணாடி போட்டால் முகம் கெட்டுவிடும், நாளைக்குச் சம்பந்தம் வராது என்று பயப்படும் தாய்மாரும் இருக்கிறார்கள். காதில் சீழ் வடிந்து செவிப்புலன் குறைந்த பிள்ளை, வலிப்பு வந்ததால் "சுகமானதும் வாங்கோ" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, எரிச்சலும் அழுகையுமாக இருப்பதைப் பிடிவாதம் என்று அடி வாங்கும் மனச்சோர்வுள்ள பிள்ளை, இவர்கள் எல்லோரும் சிகிச்சையோடு வகுப்பில் இருக்கக் கூடியவர்கள். வலிப்புக்கு ஒழுங்காக மருந்து எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வலிப்பே வராமல் படிக்கலாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பாடசாலைக்கே வந்து பரிசோதிக்கிறார்கள். உலகத்தின் பல நாடுகளில் இல்லாத நல்ல ஏற்பாடு இது. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பரிசோதனை நாளில் வராத பிள்ளைதான் பரிசோதிக்கப்பட வேண்டிய பிள்ளை. மாத்திரை கொடுக்கும் நாளில் வராதவளுக்குத்தான் மாத்திரை தேவை.

இனி வீட்டுக்கு வருவோம். தாய் மத்திய கிழக்குக்குப் போன வீட்டில் மூத்த பெண்பிள்ளைதான் தாய். பன்னிரண்டு வயதில் தம்பியைக் குளிப்பாட்டி, சோறாக்கி, அம்மம்மாவின் மருந்துத் துண்டைக் கொண்டு கிளினிக்குக்கு வருகிறாள். சில வீடுகளில் நுண்கடன் தவணைக்காரர் வரும் நாளுக்கும் பிள்ளை பாடசாலைக்கு வராத நாளுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆண்பிள்ளைகள் அறுவடைக் காலத்தில் வயலுக்கும் வாடிக்கும் போவார்கள். கையில் காசு புழங்கத் தொடங்கினால் திரும்புவது கடினம். கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்ததும், 2022இல் எரிபொருளும் இல்லாமல் கொப்பி வாங்கவும் முடியாமல் குடும்பங்கள் தவித்ததும் இவர்களைத்தான் முதலில் தள்ளி விழுத்தின.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவியைக் கடப்பது இலகுவானது உண்மை. ஆனால் பிரதான வீதியில் பஸ்ஸால் இறங்கி உள்ளே மூன்று, நான்கு மைல் நடக்கும் பிள்ளைக்கு யானைப் பயம் இருக்கிறது. மாலை வகுப்பு ஐந்தரைக்கு முடிந்தால் அந்தப் பிள்ளை மாலை வகுப்புக்கு வராது. வராவிட்டால் பாடம் முடியாது, ஏனென்றால் பாடத்தின் பாதி இப்போது மாலை வகுப்பிலும் ரியூசனிலும்தான் நடக்கிறது. இலவசக் கல்வியின் விலை இது.

திருமணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1995 முதல் பொதுச் சட்டப்படி திருமணப் பதிவுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் விரும்பினாள் என்றாலும், குற்றம். ஆயினும் எங்கள் தாய்மார் கிளினிக்குக்கு, பாடசாலையில் இருக்க வேண்டிய பிள்ளைகள் வயிற்றோடு வருகிறார்கள். பொலிஸ், நீதிமன்றம், நன்னடத்தை அலுவலகம் என்று அந்தப் பிள்ளை அலைவதைப் பார்க்க முடியாது. "காதலித்து ஓடினாள், படிப்புக் கெட்டது" என்று ஊர் சொல்லும். எங்கள் கிளினிக்கில் நாட்களைக் கேட்டு எழுதிப் பார்த்தால், வரிசை பல வேளைகளில் மறுபக்கமாக இருக்கிறது. படிப்பு முதலில் நின்றது. ஆறு மாதம், எட்டு மாதம் வீட்டில் ஒரு தொலைபேசியோடு சும்மா இருந்தாள். காதல் பிறகுதான் வந்தது. அந்த எட்டு மாதத்துக்குள் யாராவது வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருந்தால் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் வருகிறது.

அதிபர் அவர்கள் மன்னிக்க வேண்டும், பாடசாலைகளைப் பற்றியும் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் சித்தி வீதத்தைப் பெரிய பதாகையில் போடுகிறோம். அந்த வீதம் உயர இரண்டு வழி உண்டு. எல்லோருக்கும் நன்றாகக் கற்பிப்பது ஒன்று. சித்தியடையாதவள் என்று தோன்றுபவளைப் பரீட்சைக்கு முன்பே விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்வது மற்றது. எமது மாவட்டத்தில் இரண்டாவது வழியால் வெளியே வந்த பிள்ளைகள் எங்களிடம் மருந்துக்கு வருகிறார்கள். எந்தப் பாடசாலை என்று சொல்லப் போவதில்லை. பெயர் பெற்ற பாடசாலைகளும் அதில் இருக்கின்றன என்று மட்டும் சொல்வோம்.

சாதாரண தரத்தில் தவறினால் வாசல் மூடிவிடும் என்று பெற்றோர் இன்னும் நம்புகிறார்கள். 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கியபின் நிலைமை மாறிவிட்டது. சித்தியடையாத பிள்ளையும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடப் பிரிவில் மேலும் இரண்டு ஆண்டு படிக்கலாம். பாடசாலை வேண்டாம் என்றால் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. தாதியர் விடுதிக்கு அருகில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவரை நாங்கள் மாணவிகளுக்கு உதாரணம் காட்டுவது உண்டு. அவரிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். எங்களில் யாரும் இன்னும் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

நூற்றாண்டு மலருக்காகப் பழைய வகுப்புப் படங்களைத் தேடியபோது எங்கள் தரம் 6 படமும் கிடைத்தது. சாதாரண தரப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தலைகளை எண்ணினால் இரண்டும் ஒன்றல்ல. இடம்பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தகப்பனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயத்தில் பதினாறு வயதில் அவசரமாகக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மலரில் வைத்தியர், பொறியியலாளர், விரிவுரையாளர் பட்டியல் நீளமாக வந்திருக்கிறது. இவர்களும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிகள்தான். சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் "இறுதியாகக் கற்ற வகுப்பு" என்ற இடத்தில் உயர்தரம் என்று முன்கூட்டியே அச்சிட்டிருப்பதை அடுத்த பதிப்பிலாவது எடுத்துவிடுங்கள். அவர்களில் இருவர் இன்று எமது அழைப்பில் வந்து பின்னால் இருக்கிறார்கள். எழும்பச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்த மாட்டோம்.

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளை. தரம் 10. தாய் குவைத்தில். தகப்பன் மீன்பிடிக்க இரவில் போய்க் காலை எட்டு மணிக்குத்தான் கரைக்கு வருவார். தம்பிமார் இருவர், சின்னவனுக்கு மூன்று வயது. அவனைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிட்டு அவள் பாடசாலைக்குப் போகும்போது எட்டரையாகும். ஏழரைக்கு வாசல் பூட்டு. பிந்தி வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும், சில நாளில் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். வராத பிள்ளைக்குத் தண்டனையாக இன்னுமொரு நாள் வராமை! ஒரு மாதம் முயன்றாள், பிறகு நின்றுவிட்டாள். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சின்னவனின் நிறை பார்க்கப் போனபோதுதான் இது தெரிந்தது. அவர் கிராம அலுவலரிடம் சொன்னார். பிறகு அதிபரைப் போய்ப் பார்த்தோம். அதிபர் நல்ல மனுசி. முதற் பாடவேளை முடிந்து வரலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டு ஒரு துண்டு கொடுத்தார். அம்மம்மா சின்னவனை முன்பள்ளிக்குக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார், அதற்கு மூன்று தடவை போய்க் கதைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை ஆறு பாடத்தில் சித்தியடைந்தாள். ஏ ஒன்றும் இல்லை, பதாகையில் போடக்கூடிய பெறுபேறும் இல்லை. இப்போது முன்பள்ளி ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். செலவான பணம் எவ்வளவு என்று பொருளாளர் கேட்டால், ஒரு துண்டுக் கடதாசி.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கவில்லை. பக்கத்துக் கிராமத்தில் இன்னொரு பிள்ளைக்காக ஏழு தடவை போனோம். எட்டாவது தடவை போனபோது வீடு பூட்டியிருந்தது.

சங்கம் என்ன செய்யலாம்? நூற்றாண்டு நிதியில் பெரிய பங்கை நுழைவாயில் வளைவுக்கு ஒதுக்கியிருக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும், படத்தைப் பார்த்தோம். அதை ஓராண்டு தள்ளிவைக்கும்படி இந்தச் சபையைக் கேட்கிறோம். முதலில் தரம் 8, 9, 10 கட்டடத்தின் மலசலகூடங்களுக்குக் கொண்டியும் தண்ணீரும் வாளியும். அடுத்தது கண்ணாடி. பரிசோதனை நாளில் வராத பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் பார்வைப் பரிசோதனை செய்ய எங்கள் வைத்தியசாலைக் குழுவை அழைத்து வரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். பஸ் சீசன் ரிக்கற், சப்பாத்து போன்றவற்றுக்கு ஒரு சிறு நிதி வேண்டும். ஒரேயொரு நிபந்தனை. உதவி பெறும் பிள்ளையை மேடைக்கு அழைத்துப் படம் எடுத்து முகநூலில் போடக் கூடாது. சப்பாத்துக்குக் காசு வாங்கிய படம் ஊரெல்லாம் சுற்றியதால் பாடசாலைக்கு வர மறுத்த பிள்ளையை எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் சகோதரிகள் கணக்கறிக்கை கேளுங்கள், தாராளமாகத் தருவோம். படம் கேட்காதீர்கள்.

பணத்தை விடவும் தேவைப்படுவது ஆட்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும், போன கிழமை தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியைகள் தருவார்கள். அதிபர் இதற்குச் சம்மதம் தந்துவிட்டார், அவருக்கு நன்றி. அன்று மாலைக்குள் ஒருவர் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், பதில் இல்லாவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். ஏசுவதற்கு அல்ல. "மகள் வரல்ல, என்ன பாடு, சுகமில்லையா?" என்று கேட்பதற்கு. இளைப்பாறிய ஆசிரியைகள் இதற்கு மிகப் பொருத்தம், உங்கள் குரலைக் கேட்டால் தகப்பன்மாரும் எழுந்து நிற்பார்கள். துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் நீங்களே தீர்க்கப் பார்க்க வேண்டாம், 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளைக்குத் தவறிய பாடங்களைச் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் வேண்டும். கணிதத்துக்கு ஒருவர் கட்டாயம். காலையில் என்று சொல்வதற்குக் காரணம் யானை.

மண்டப வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், ஒரு நீலக் கொப்பி வைத்திருக்கிறோம். பன்னிரண்டு பேர் தேவை. பெயர், தொலைபேசி இலக்கம், எந்தக் கிழமை நாள் வசதி என்று எழுதுங்கள். முதல் பட்டியல் வருகிற திங்கட்கிழமை கிடைக்கும்.